அப்புவின் சைவக் கீசு

விறகுச் சாம்பலும் கருகின முருங்கையிலையும் எருமைத் தயிரின் புளிப்பும் சேர்ந்த ஒரு மணம் இருக்கிறது. அது இன்றைக்கு எந்தக் கடையிலும் வராது, ஆனால் எங்காவது ஒரு குசினியில் முருங்கையிலை சட்டியில் ஒட்டிக் கருகினால் போதும், நான் பதினொரு வயதுப் பெண்ணாகிப் புதுக்குடியிருப்பில் ஒரு தறப்பாள் கொட்டிலின் வாசலில் நின்று, சைக்கிள் மணிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அந்தச் சைக்கிளின் கரியரில், தேக்கிலையால் மூடி வாழைநாரால் கட்டிய ஒரு தகர வட்டில் வரும். அதற்குள் இருந்த பண்டத்துக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. கொண்டுவருகிற மனிதர் அதைக் "கீசு" என்பார். அம்மா "கீசோ காசோ, என்ன கோதாரியோ" என்பார். அக்கா பெயரைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வட்டிலைக் கையில் வாங்கியதும் ஒரேயொரு கேள்விதான் கேட்பாள்.

அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் அங்கே எப்படி வந்து அகப்பட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். நாங்கள் கனகராயன்குளத்துப் பக்கத்து ஆட்கள். அதற்கும் முன்னால் யாழ்ப்பாணத்து ஆட்கள். குளத்துக் காணி கிடைத்து, நெல் விதைக்கவென்று வந்து அங்கேயே ஊன்றிப்போன குடும்பம். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். வயலைப் பார்த்தது அக்காவைக் கட்டிய அத்தான்தான். தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு ஏதோ ஒரு சாமான் வாங்க வேண்டுமென்று "பாஸ்" என்கிற பயண அனுமதி எடுத்துக்கொண்டு அவர் வவுனியாவுக்குப் புறப்பட்ட அன்று அக்காவுக்குச் சத்தி தொடங்கியிருந்தது. கிணற்றடியில் குந்தியிருந்து ஓங்காளித்துக்கொண்டிருந்தவளிடம் போய், "என்ன வேணும் சொல்லு, வாங்கிக்கொண்டு வாறன்" என்று கேட்டார். அவள் வாயைத் துடைத்துவிட்டு, "ஒரு அப்பிள்" என்றாள். வன்னியில் அப்பிளைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார், அந்தக் கிழமையே கண்டி வீதியில் சண்டை தொடங்கிப் பாதையும் பூட்டுப்பட்டுவிட்டது.

பிறகு செல் குண்டுகள் எங்கள் பக்கமாக நகர்ந்து வர வர, நாங்களும் நகர்ந்தோம். நெல் மூட்டை ஒன்று, பாத்திரங்கள், கால்களைக் கட்டிச் சைக்கிள் கைபிடியில் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகள், அவ்வளவுதான் எங்கள் சொத்து. புதுக்குடியிருப்பில் ஒரு தென்னங்காணியின் ஓரத்தில் கொட்டில் போட இடம் தந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் தெற்கே போக வழியில்லை, வடக்கேயும் கிழக்கேயும் கடல், கடலில் நேவி, மேற்கே காடு. சோப்புக் கிடையாது, பற்றரி கிடையாது, மண்ணெண்ணெயைச் சாராயம் போலப் போத்தலில் அளந்து விற்றார்கள். "நாலு பக்கமும் பூட்டிப்போட்டு மேலை மட்டும் திறந்து விட்டிருக்கிறாங்கள், குண்டு போட" என்று அம்மா சொல்வார். பிளேன் சத்தம் கேட்டால் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவோம், அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்குவாள்.

அந்த வைகாசியில் வற்றாப்பளை அம்மாளாச்சி கோயில் பொங்கலுக்குப் போனோம். உழவு மெசின் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போய், சனக்கூட்டத்துக்குள் அக்காவைத் தொலைத்துவிடாமல் நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சன்னிதியைப் பார்த்துக் கைகூப்பி, எனக்குக் கேட்கும்படியாகவே நேர்ந்தாள். அத்தான் வந்து எங்கள் வாசலில் கால் வைக்கிற வரைக்கும் மீனோ இறைச்சியோ முட்டையோ தன் வாயில் படாது என்பதுதான் அந்த நேர்த்தி. அம்மாவிடம் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பிள்ளைத்தாச்சி நேருற நேத்தியே இது? உன்ர வயித்திலை கிடக்கிறதையும் கேட்டனியே?" என்றார். அக்கா பதில் பேசவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் வாய் பேசாமல் விட்டார்களென்றால் அதற்குப் பிறகு எருமை கட்டி இழுத்தாலும் அசையமாட்டார்கள்.

வெளியாருக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் உணவு இரண்டே வகை: சைவம், மச்சம். முட்டை சந்தேகத்துக்கு இடமில்லாமல் மச்சம். செவ்வாய், வெள்ளியில் முட்டை பொரித்த சட்டியைக் கூட அம்மா தனியாகக் கவிழ்த்து வைப்பார். ஆகவே அக்கா சைவமாகிவிட்டாள் என்றால், அந்த நாட்களில் அவளுக்கு மிஞ்சியது நிவாரணப் பருப்பும், சோறும், தேங்காய்ச் சம்பலும்தான். காலையில் அதுவும் இல்லை; வெறுந்தேத்தண்ணீர், நக்கிக் குடிக்கக் கொஞ்சம் சீனி. ஒரு மாதத்தில் அவள் கண்களின் கீழ் கறுத்து, நகமெல்லாம் வெளிறிப் போயிற்று.

மிட்வைஃப் அன்ரி சைக்கிளில் வந்து, அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவைத் தென்னைமரத்தடிக்குக் கூப்பிட்டார். "அக்கா, உங்கடை மகளுக்கு இரத்தம் காணாது. குளிசை என்னட்டை முடிஞ்சுபோச்சு, எப்ப வரும் எண்டு கடவுளுக்குத்தான் தெரியும். காலமைச் சாப்பாட்டை விடக்கூடாது. கீரை, தயிர், முட்டை. முட்டை கட்டாயம். சுவர் இருந்தாத்தான் சித்திரம், தாய் இல்லாட்டிப் பிள்ளையுமில்லை" என்றார். கோழிகள் எங்கள் காலைச் சுற்றியே கிளறித் திரிந்தன; முட்டை இருந்தது. தின்ன வேண்டியவள்தான் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மா கோழிக்கூட்டின் பக்கத்தில் குந்தியிருந்து அழுததை நான் பார்த்தேன். மகளின் சொல்லைக் காத்தால் மகள் போய்விடுவாள், மகளைக் காத்தால் மருமகன் வரமாட்டான் என்று அவர் நம்பினார். உண்மையாகவே நம்பினார், அதுதான் அவருடைய கஷ்டம்.

இந்த நேரத்தில்தான் பங்களா அப்பு வந்து சேர்ந்தார். எங்கள் கொட்டிலுக்கு இரண்டு கொட்டில் தள்ளி, மகனோடும் மருமகள் செல்வியோடும் இருந்த மலையகத்துக் கிழவர். கலவரத்தில் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, எங்கள் பக்கத்துக் காட்டை வெட்டிக் காணியாக்கி, இப்போது எங்களைப் போலவே மறுபடியும் ஓடிவந்தவர். முதல் நாள் அம்மாவிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, "நான் அப்புங்க" என்றார். எங்கள் பாஷையில் அப்பு என்றால் தகப்பன் அல்லது பாட்டன். அம்மா ஒரு கணம் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ர அப்பு செத்துப்போய்க் கனகாலம்" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த அப்பு இல்லீங்க தாயி. பங்களா அப்பு. தொர பங்களாவுல குசினிக்குப் பெரியாளு. நம்ம கையால தின்னுப்புட்டுத்தான் மூணு தொரமாரு சீமைக்குப் போனாங்க." அதற்குப் பிறகு ஊரே அவரை அப்பு என்றது. அவருக்கு அடக்கம் என்பது அறவே கிடையாது. தான் கிண்டிய கஞ்சியைத் தானே புகழ்ந்து குடிப்பார்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒரு பேக்கரி இருந்தது. அந்த நாட்களின் வழக்கப்படி போர்டில் "வெதுப்பகம்" என்று சுத்தத் தமிழில் எழுதியிருந்தார்கள். சனம் பேக்கரி என்றே சொன்னது. நிவாரண மா கிடைக்கும்போது அங்கே பாண் போடுவார்கள், அப்பு அங்கே போறணையடியில் வேலை. போறணை என்பது பாண் வேகும் பெரிய மண் அடுப்பு. விடியப்புறம் பாணை வெளியில் எடுத்த பிறகும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். பாண் வரிசையில் நிற்கும்போது அம்மா, வேறு யாரிடமும் சொல்ல வழியில்லாமல், அவரிடம் தன் கஷ்டத்தைக் கொட்டினார். "முட்டை குடுக்கோணும் அப்பு. முட்டை எண்டு தெரியக்கூடாது. மணமும் வரக்கூடாது."

"அட, இதுக்கா தாயி அழுவுறீங்க? அதுக்குத்தானே கீசு இருக்கு!" என்றார் அப்பு. மாவைப் பிசைந்து வட்டிலில் பரப்பி, அதற்குள் கீரையையும் வெங்காயத்தையும் போட்டு, முட்டையைப் பாலோடு அடித்து ஊற்றிப் போறணைக்குள் வைத்தால், வெட்டி எடுக்கும்போது முட்டை என்று ஒரு துண்டு கண்ணில் படாது என்று விளக்கினார். "தொரசாணிக்கு காலைல அதுதான். கறி தின்னாத வெள்ளக்காரங்க விருந்துக்கு வந்தா அவங்களுக்கும் அதேதான். 'வெஜிடேரியன், அப்பு, வெஜிடேரியன்'னு கேட்டு வாங்கித் தின்பாங்க. வெள்ளக்காரனுக்கு முட்டையெல்லாம் சைவங்க." அம்மா அந்தக் கடைசிச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் முட்டையைச் சைவம் என்று கும்பிடுகிற சனம் இருக்கிறதென்றால், தான் சொல்லப்போவது முழுப்பொய் ஆகாது. "ஆபத்துக்குப் பாவமில்லை" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சொன்னார். எனக்குச் சொன்னாரோ, தனக்குச் சொன்னாரோ.

மாஜரின் இல்லை, பசுப்பால் இல்லை, துரை வீட்டுச் சாமான் ஒன்றுமே இல்லை. அப்பு எண்ணெய்த் தகரத்தின் அடியை வெட்டித் தட்டி ஒரு வட்டில் செய்தார். நிவாரண மாவைத் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசைந்தார். உள்ளே முருங்கையிலை, துருவிய பூசணிக்காய், சின்ன வெங்காயம், பாலுக்குப் பதிலாக எருமைத் தயிர். வெடுக்கு மணம் எழும்பாமல் இருக்கச் சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் தாராளமாக. முட்டையை நான் முதல் நாள் பின்னேரமே சின்னப் பனையோலைப் பெட்டிக்குள் தவிட்டில் புதைத்துக்கொண்டு அக்காவைத் தாண்டி நடந்து போவேன். "எங்கை போறாய்?" என்று அவள் கேட்டால், "தவிடு குடுக்க" என்பேன். கோழி வைத்திருப்பவர்கள் தவிட்டை வாங்குவார்களே தவிர யாரும் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறதெண்டு சொல்லுவினம், நாங்கள் பூசணிக்காய்க்குள்ளை முட்டையை மறைக்கிறம்" என்று அம்மா முணுமுணுப்பார்.

முதல் நாள் வந்த கீசின் அடிமா ஓடு மாதிரி இருந்தது. அக்கா கடித்துப் பார்த்து, கையால் உடைத்துப் பார்த்து, கடைசியில் வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். இடம்பெயர்ந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அப்புவுக்கு ரோசம் வந்துவிட்டது. "தொர பங்களாவுல பட்டரு இருந்திச்சு தாயி, இங்க என்னா இருக்கு? ஓட்டத் தள்ளிட்டு உள்ள இருக்கறதத் தின்னுங்க" என்றார். அவள் உள்ளிருந்ததை விரலால் கிள்ளி எடுத்து, வாயருகே கொண்டுபோய், நிறுத்தி, அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இது சைவந்தானே?"

"ஓம் பிள்ளை, சைவம். பூசணியும் முருங்கையிலையும் தயிரும்" என்றார் அம்மா. அவள் சாப்பிட்டாள்.

அதன் பிறகு மா கிடைத்துப் போறணை மூட்டிய நாளெல்லாம் கீசு வந்தது; போறணை மூட்டாத நாளில் அப்பு அதே சாமானைச் சட்டிக்குள் போட்டு, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டுத் தந்தார். ஒவ்வொரு நாளும் அக்கா கேட்டாள். ஒவ்வொரு நாளும் அம்மா ஓம் என்றார். பொய் சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று சொல்வார்கள், அம்மாவுக்குப் பழகவில்லை. அவருடைய குரல்தான் நாளுக்கு நாள் உரத்துக்கொண்டு போனது. கடைசியில், அக்கா வாய் திறக்கும் முன்பே, "சைவம் சைவம், தின்னு" என்று அயலுக்கே கேட்கக் கத்துவார். நிறுத்தவும் வழியில்லை, தொடரவும் மனமில்லை. அத்தான் வராமல் போனால் அது தன் கையால் வந்தது என்று அவர் தனக்குள் முடிவு கட்டியிருந்தார். அந்த நாட்களில் அவர் மீன் தொடாததையும் நான் கவனித்தேன். நந்திக்கடல் மீன் என்றால் உயிரை விடுகிறவர், எனக்கு மட்டும் ஒரு துண்டு பொரித்துத் தந்துவிட்டு, "எனக்கு வயித்தெரிவு" என்று பருப்பை ஊற்றிச் சாப்பிட்டார். வயித்தெரிவுதான் என்று நானும் நம்பினேன்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மிட்வைஃப் அன்ரி அதைத் தூக்கிப் பார்த்து, "இந்த நேரத்திலை இப்பிடி ஒரு கொழுத்த பிள்ளையை நான் கண்டதில்லை, என்ன குடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அம்மா மேலே பார்த்து, "எல்லாம் அம்மாளாச்சி" என்றார்.

குழந்தை குப்புறப் புரளத் தொடங்கிய காலத்தில், மன்னார்ப் பக்கத்தால் ஒரு பாதை திறந்து, ஒரு மத்தியானம் அத்தான் எங்கள் வாசலில் வந்து நின்றார். வவுனியாவில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருந்தார்களாம். அவரும் கூட்டுக்குள்தான் இருந்திருக்கிறார். எலும்பும் தோலுமாக நின்றவர், காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து விரித்தார். அதற்குள் ஓர் அப்பிள், இரண்டாக வெட்டியபடி, வெட்டின பக்கமெல்லாம் கறுத்து. "சோதிக்கிற இடத்திலை வெட்டிப் பாத்திட்டுத்தான் விட்டவங்கள்" என்றார். அக்கா கறுத்த இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிரவு எங்கள் வீட்டில் மீன் குழம்பு. அக்காவை விட அதிகமாகச் சாப்பிட்டவர் அம்மாதான்.

கதை ஊரெல்லாம் பரவியது. பாதை பூட்டி வைத்திருந்த மனிசனை நேர்த்தியால் இழுத்துக்கொண்டு வந்தவள் என்று அக்காவைப் பார்க்கப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். மகனைத் தேடுகிறவர்கள், புருசனைத் தேடுகிறவர்கள், எத்தனையோ பேர். என்ன கிழமை தொடங்கினாய், எத்தனை வேளை சாப்பிட்டாய், முட்டையும் தள்ளுபடியோ என்று கேட்டார்கள். அக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டு, "நான் ஒண்டும் பெரிசாச் செய்யேல்லை" என்பாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அம்மா அந்த நேரங்களில் குசினிப் பக்கம் மறைந்துவிடுவார்.

அப்புவின் மகன், திறந்த அதே மன்னார்ப் பாதையால் கூலிவேலை தேடிப் போனான். போனவனைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. செல்வி அப்போது முழுகாமல் இருந்தாள். அக்காவை விட இளையவள், பதினெட்டோ பத்தொன்பதோ. அவள் அக்காவின் நேர்த்தியை அப்படியே எடுத்துக்கொண்டாள். இன்னும் இறுக்கமாக எடுத்துக்கொண்டாள்: காலையில் பச்சைத்தண்ணீர், பின்னேரம் ஒரு நேரச் சோறு. அப்பு கீசு சுட்டுக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "மாமா, ஒங்க கைய நான் நம்ப மாட்டேன், நீங்க எதுலயும் முட்டய ஒடச்சு ஊத்துவீங்க" என்று திருப்பித் தந்துவிட்டாள். கிணற்றடியில் இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். மிட்வைஃப் அன்ரி இந்த முறை தென்னைமரத்தடிக்கெல்லாம் கூப்பிடவில்லை. "இப்பிடியே விட்டா ரெண்டு உயிரும் போகும்" என்று அப்புவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அன்று பின்னேரம் அப்பு எங்கள் கொட்டிலுக்கு வந்து, உள்ளே வராமல், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் அப்படி நின்று நாங்கள் பார்த்ததில்லை. அக்கா குழந்தையை மடியில் போட்டிருந்தாள். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"தாயி," என்றார் அக்காவைப் பார்த்து, "நீங்க சொன்னாத்தான் செல்வி கேப்பா. ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணுங்க. ஒங்க வெரதத்தக் கெடுத்தவன் நாந்தாங்க. அந்தக் கீசுல முட்ட இருந்திச்சு. தெனமும் இருந்திச்சு."

அம்மாவின் கையிலிருந்து மீன் நழுவிச் சாம்பலுக்குள் விழுந்தது. "அப்பு!" என்றார்.

அக்கா குழந்தையைத் தட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் அப்பு" என்றாள். "முதல் நாளே தெரியும்."

"எப்பிடித் தெரியும்?" என்று அம்மா எழுந்தே விட்டார்.

"வாசம் ஒண்டுமில்லை, நல்லாத்தான் மறைச்சனீங்கள். ஆனா கோழியின்ர வாயை ஆர் மூடுறது? ஒவ்வொரு நாளும் முட்டையைப் போட்டிட்டு ஊரைக் கூட்டிக் கொக்கரிக்குது. நீங்கள் கோழி முட்டை போடுறேல்லை எண்டுறியள். இவள் என்னெண்டா பின்னேரத்திலை தவிடு குடுக்கப் போறாள்."

எனக்கு நிலத்துக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தது, சரியான கோபம். "அப்ப ஏனடி ஒவ்வொரு நாளும் சைவமோ சைவமோ எண்டு கேட்டு என்ர உயிரை வாங்கினனி? நான் எவ்வளவு பயந்துகொண்டு சொன்னனான் தெரியுமே உனக்கு?"

"நீங்கள் ஓம் எண்டு சொன்னாத்தானே அம்மா எனக்குத் தொண்டையாலை இறங்கும்" என்றாள் அக்கா. "எனக்குப் பிள்ளையும் வேணும், அவரும் வேணும். நான் என்ன செய்யிறது?"

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மீன் செதில் ஒட்டின கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொன்னார்: "நேத்தி முறியக்கூடாது எண்டுதான்டி உனக்குப் பதிலா நான் பிடிச்சனான். அவன் வாசல்லை கால் வைக்குமட்டும் நான் மச்சம் வாயிலை வைக்கேல்லை. அம்மாளாச்சியிட்டைச் சொல்லிப்போட்டுத்தான், ஆளை மாத்தினனான்." அக்கா குழந்தையை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய்க் கோழிக்கூட்டுக்குள் கையை விட்டு, இரண்டு முட்டையை எடுத்து அப்புவின் துண்டில் வைத்தாள். "கீசைச் சுடுங்கோ அப்பு. நாளைக்குக் காலமை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

மறுநாள் காலை நான்தான் வட்டிலைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் போனேன். செல்வி பாயில் படுத்திருந்தாள். உதடெல்லாம் வெடித்து, கை குச்சியாகி, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. அக்கா அவளை நிமிர்த்தி இருத்தி, தேக்கிலையை விரித்து, ஓட்டை உடைத்துத் தள்ளிவிட்டு, உள்ளிருந்ததைக் கிள்ளி அவள் கையில் வைத்தாள். வெளியில் எங்கள் கோழி ஒன்று அந்த நேரம் பார்த்துக் கொக்கரிக்கத் தொடங்கியது.

செல்வி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "அக்கா, இது சைவந்தானேக்கா?"

"ஓம் செல்வி, சைவம்" என்றாள் அக்கா. "எனக்கு என்ர அம்மா தந்தது."

செல்வி கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பிட்டாள், ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா முதல் நாள் மீனை வைத்துக் குழம்பு வைத்திருந்தார். அக்கா குழம்புக் கோப்பையைத் தள்ளி வைத்துப் பருப்பை எடுத்தாள். அத்தானுக்கு விளங்கவில்லை. "ஏனப்பா? நான்தான் வந்திட்டனே, இன்னும் என்ன நேத்தி?" என்றார்.

"இது உங்களுக்கில்லை" என்றாள் அக்கா. அம்மா அவளுடைய பங்கு மீனை எடுத்து என் சோற்றில் போட்டார்.

செல்விக்கு மகள் பிறந்தாள், சுகமாகப் பிறந்தாள். அவளுடைய மனிசன் வரவில்லை. பிறகு ஒரு காலத்தில் கண்டி வீதி திறந்தபோது தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதிக்கரையில் போய் நின்றாள், அக்காவும் கூடப் போய் நின்றாள். வந்தவர்களுக்குள் அவன் இல்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பேக்கரி இருந்த இடத்தில் போறணையின் ஒரு கல்கூட மிச்சமில்லை. இப்போது அங்கே போன் கடை. அப்பு போய்விட்டார், கடைசி வரைக்கும் துரைமார் புராணம் பாடிக்கொண்டுதான் போனார். அம்மா போய்விட்டார். தென்னங்காணிக்கு யாரோ மதில் கட்டிவிட்டார்கள். செல்வியின் மகள் படித்து, கலியாணமும் முடித்து, தாயைத் தன்னோடு வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்குச் சேலை எடுக்கவென்று அக்காவும் அத்தானும் நானும் கிளிநொச்சிக்குப் போனோம். வெயில் தாங்காமல், கண்ணாடி போட்டுக் குளிரூட்டிய ஒரு புதுக்கடைக்குள் ஏறினோம். அத்தானுக்கு இருந்த பசியில் அவர் முதலில் கிடைத்த கதிரையில் இருந்து கட்லெட்டுக்குச் சொல்லிவிட்டார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். மஞ்சளும் பச்சையுமாக, முக்கோணமாக வெட்டி அடுக்கிய ஒரு பண்டம். அதன் முன்னால் "வெஜிடபிள் கீஷ்" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அக்கா, இஞ்சை வாங்கோ, அப்புவின்ர கீசு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா குனிந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலால் விரலை வைத்து, அதன் ஓரத்து மாவைத் தடவுவது போலத் தடவினாள்.

"பிள்ளை, இது சைவந்தானே?" என்று கேட்டாள்.

கடையில் நின்றது செல்வியின் மகள் வயதுப் பிள்ளை. "வெஜிதான் அன்ரி. ஆனா முட்டை கிடக்கு, முட்டை இல்லாமல் இது வராது" என்று நேர்மையாகச் சொன்னது.

"அப்ப வேண்டாம், பிள்ளை. ஒரு தேத்தண்ணி தாரும்."

"அன்ரி விரதமோ?"

"ஓம்."

"எப்ப முடியுது அன்ரி?"

"செல்வியின்ர மனிசன் வந்தவுடனை" என்றாள் அக்கா.

செல்வி யாரென்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? யாரோ வெளிநாட்டில் இருந்து வரப்போகிறவர் என்று நினைத்திருக்கும். தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே, "கெதியா வந்திடுவார் அன்ரி" என்று சிரித்தபடி சொன்னது.

அக்கா கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஓம்" என்றாள்.